வயலில் இறங்கிய வத்தை

"படகுன்னா தண்ணியில போறதுதானுங்களே? அதை எதுக்கு ரோட்டுல இழுத்துட்டுப் போகோணும்?" என்று என் மனைவி கேட்டாள். நான் கோயமுத்தூர்ப் பட்டறை வாசலில் ஜீப்பின் பின்னால் டிரெய்லரை மாட்டிக்கொண்டிருந்தேன். எனக்கும் அதே சந்தேகம்தான். ராயப்பன் கூப்பிட்டான், போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ராயப்பனும் நானும் யுத்தகாலத்தில் அஸ்ஸாம் பக்கம் ஒரே லாரிப் படையில் இருந்தவர்கள். அவன் ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடத்துக் கடல்காரன். நான் மலையையும் கிணற்றையும் தவிர வேறு பெரிதாக எதையும் பார்க்காதவன். யுத்தம் முடிந்ததும் அவன் கடலுக்குத் திரும்பினான். நான் ராணுவம் கழித்துக்கட்டிய ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்து, சின்னதாக ஒரு பட்டறை வைத்தேன். டிரெய்லரும் என் கைவேலைதான். பழைய லாரி அச்சு ஒன்றின் மேல் நீளமான இரும்புச் சட்டம். பம்புசெட்டு, தறிச் சாமான், கல்யாணப் பந்தல் என்று எதை எதையோ அதில் ஏற்றி இழுத்திருக்கிறேன். படகை ஏற்றியதில்லை.

தொண்டிக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்த அந்த மீனவர் குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது காற்று ஆளைத் தள்ளியது. ராயப்பன் ஓடி வந்து கட்டிக்கொண்டான். அவன் மனைவி அந்தோணியம்மாள், "வாங்கண்ணே, மொதல்ல சாப்புடுங்க" என்று பனையோலைப் பாய் விரித்தாள். சோறும் நண்டுக் குழம்பும். கடல் மீன் என்றால் எங்கள் ஊரில் கருவாடுதான். நண்டை எந்தப் பக்கம் உடைப்பது என்று தெரியாமல் நான் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு, அவளே ஓட்டை உடைத்து வைத்தாள். ருசி பிடித்த பிறகு யார் சொல்லியும் நான் நிறுத்தவில்லை.

சாப்பிடும்போதுதான் விஷயம் விளங்கியது. அது அவள் பிறந்த ஊர். அவளுடைய அய்யா போன வருஷம் இறந்துவிட்டார். ஆண் பிள்ளை கிடையாது. அவருடைய வத்தை மகளுக்கு வந்துவிட்டது. வத்தை என்பது அந்தப் பக்கத்துப் பலகைப் படகு. அதுவரை ராயப்பன் அடுத்தவர் படகுகளில்தான் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"கடல் வழியாவே ஓட்டிட்டுப் போயிடலாமேப்பா" என்றேன்.

"வாடை பொறந்துருச்சுண்ணே. இந்த வடகடல் இப்பப் பேய் பிடிச்ச மாதிரி நிக்கும். ஆனா தீவுக்குத் தெற்க, தென்கடல் இருக்குல்ல, அது இப்பத்தான் குளம் மாதிரிக் கெடக்கும். மீன் பாடு அங்கனதான். இது அடங்கட்டும்னு தை மாசிவரை உக்காந்துருந்தா அங்கன பாடு முடிஞ்சுபோகும்."

"அப்பறம் இன்னொரு வருசம் அடுத்தவன் வத்தையில கூலிக்குப் போவாக" என்றாள் அந்தோணியம்மாள். அதை அவள் கணவனைப் பார்த்துச் சொல்லவில்லை. அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

காலையில் வத்தையைப் பார்த்தேன். ஓலைக்கு அடியில் கிடந்தது. முன்முனையில் ஒரு சிலுவை செதுக்கியிருந்தார்கள். ஒரு வருஷ வெயிலில் பலகைகள் சுருங்கி, மூட்டு வழியே வெளிச்சம் தெரிந்தது. "தண்ணியில போட்டு ஊற வச்சா மரம் பொங்கி மூடிக்கிரும்" என்றான் ராயப்பன். டிரெய்லரின் சக்கரங்களை மணலில் பாதி புதைத்து, பனந்தடிகளை அடியில் உருட்டி, ஊர் முழுவதும் கூடித் தள்ளியது. "ஏலே, தூக்காதீகலே, தள்ளுங்க!" என்ற சத்தம் காற்றில் பிய்ந்து பிய்ந்து கேட்டது. ஏறியது. நான்கு சக்கரத்துக்கும் விசை கொடுத்து ஜீப்பை நகர்த்தியபோது, ஒரு யானை என் பின்னால் மனமில்லாமல் நடந்து வருவதுபோல் இருந்தது.

தொண்டிக் கடைத்தெருவில் திரும்ப இடம் போதவில்லை. டிரெய்லரை மாட்டிக்கொண்டு பின்னால் போவது தனி வித்தை. வலப்பக்கம் போக வேண்டுமானால் சக்கரத்தை இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். நான் ஒடித்துத் திணறும்போது, தேநீர்க்கடை வாசலில் தொப்பி அணிந்த பெரியவர் ஒருவர் எழுந்து நின்றார். "மாஷா அல்லாஹ்! கப்பலு கரையில போகுது. துவா செஞ்சுட்டுப் போங்க தம்பி, ரோட்டுல அலை அதிகம்" என்றார். குழி என்பதைத்தான் அலை என்கிறார் என்பது ஊர் எல்லையைத் தாண்டியபோது புரிந்தது. ஒரு பெரிய அலையில் கொக்கியின் ஆணி முறிந்து, வத்தை சாலையோரத்து உடைமரத்தில் போய்ச் சாய்ந்து நின்றது. என் கருவிப் பெட்டியில் இருந்த ஒரு கடப்பாரைத் துண்டை அறுத்து ஆணியாக்கினேன். அதற்குள் சுற்றி ஒரு கூட்டம். ஒரு கிழவர் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல எம்புட்டு நெல்லு கொட்டலாம்?" என்று கேட்டார். அவருக்கு அது குதிர்.

திருவாடானையில் சத்திரத்துத் தாழ்வாரத்தில் படுத்தோம். கோபுரம் மழையில் மறைந்துவிட்டது. எங்கள் ஊர் மழை மலையிலிருந்து சொல்லிவிட்டு வரும். இங்கே வானமும் தரையும் ஒரே நிறமாக இருந்து, பேச்சில்லாமல் கொட்டத் தொடங்கியது, விடியும்வரை நிற்கவில்லை.

காலையில் மழை தணிந்திருந்தது. தெற்கே கொஞ்ச தூரம் போயிருப்போம். சாலை ஒரு தண்ணீர்ப் பரப்பில் இறங்கிக் காணாமல் போனது. மேட்டில் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் நின்றது. அவர்கள் பார்த்த திசையில், பனைகள் அடிமரம் மூழ்கத் தண்ணீரில் நின்றன. அவற்றுக்கு அப்பால் சில கூரைகள். கூரைகளின் மேல் ஆட்கள்.

"மேலக் கம்மா ஒடைஞ்சுபோச்சு" என்று ஏரி உடைந்ததைச் சொன்னார் முன்னால் நின்றவர். கருப்பையா என்று பேர். முதல் நாள் பக்கத்து ஊருக்கு ஒரு துக்கத்துக்குப் போய்விட்டு விடியலில் திரும்பியவர். மனைவி அந்தக் கூரைகளுக்கு நடுவில் எங்கேயோ இருந்தாள். இரண்டு பேர் பனந்தடியில் குடங்களைக் கட்டி மிதவை செய்துகொண்டிருந்தார்கள். ஏற்கெனவே செய்த ஒன்று தண்ணீரின் இழுப்பில் போய்விட்டது.

யாரும் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் எல்லோரும் வத்தையைப் பார்த்தார்கள்.

ராயப்பன் அந்தோணியம்மாளைப் பார்த்தான். அவள் தண்ணீரைப் பார்த்தாள்.

"உள்ள என்ன கெடக்குன்னு தெரியாது. முள்ளு, கட்டை, கெணறு. ஒரு கட்டை குத்துனாப் போச்சு. மூட்டெல்லாம் வேற விட்டுக் கெடக்கு" என்றாள். சொன்னது எல்லாம் உண்மை. முடிவு அவர்களுடையது. அது என் படகு அல்ல.

பிறகு அவள் கருப்பையாவிடம் கேட்டாள். "தண்ணி எறங்கிராதாண்ணே?"

"எங்கன எறங்கும் தாயி? கீழக் கம்மாயும் நெறஞ்சு நிக்கிது. ஒடைஞ்சதுக்கும் மேக்க இன்னொரு கம்மா இருக்கு. அதுவும் வாயத் தொறந்துச்சுன்னா..."

அவள் போய் வத்தையைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.

டிரெய்லரைப் பின்னால் தள்ளி, ஜீப்பின் பின்சக்கரம் நனையும்வரை கொண்டுபோய் நிறுத்தினேன். வத்தை வழுக்கி இறங்கி, கடல் என்று நினைத்ததோ என்னவோ, ஒரு ஆட்டம் ஆடி மிதந்தது. உடனே எல்லா மூட்டிலும் தண்ணீர் ஊறி வந்தது. ராயப்பன் நீண்ட மூங்கிலை எடுத்துக்கொண்டு பின்னால் நின்றான். "எறைக்க ஆளு வேணும்" என்றான். நான் ஒரு தகரத்தோடு ஏறினேன். அந்தோணியம்மாள் இன்னொரு தகரத்தோடு ஏறினாள்.

"நீ எங்கன ஏறுற? பொம்பளை ஏறக்கூடாதும்பாகள்ல?"

"அது கடல்ல. இது வயக்காடு" என்று சொல்லிவிட்டு இறைக்கத் தொடங்கினாள்.

கருப்பையா முன்முனையில் சிலுவையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் படகில் ஏறியது அன்றுதான் முதல் தடவை. ஆனால் தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். "நேரா விடு. இது எங்க பங்காளி வயலு, சமமாக் கெடக்கும். இப்ப இடது கைப்பக்கம் ஒதுங்கு, ஒதுங்கு! அங்கன கெணறு, ஏத்தத்துத் தொலாக்கல்லு நிக்கும். இது என் நெலம். போன வாரம்தான் வெதச்சேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ராயப்பன் அவர் சொன்ன பக்கமெல்லாம் மூங்கிலை ஊன்றினான்.

நான் இறைத்துக்கொண்டே குனிந்து பார்த்தேன். கலங்கலில் எதுவும் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீருக்காகப் பாறையை வெடி வைத்துப் பாதாளம்வரை தோண்டுகிறோம். இந்த மக்கள் வருஷம் முழுவதும் வானத்தைப் பார்த்து வேண்டிக்கொண்ட தண்ணீர், ஒரே ராத்திரியில் வந்து அவர்களுடைய விதையின் மேலேயே நின்றது. யாரிடம் போய் இதைப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. இறைத்தேன்.

ஊரை நெருங்கியபோது இரண்டு கூட்டம் தெரிந்தது. நேர் எதிரே, மேட்டுத் தெருவில் கருப்பையாவின் வீடு. மண் சுவரின் பாதிக்குத் தண்ணீர். பக்கத்தில் வைக்கோல் படப்பின் மேல் ஒரு பெண் உட்கார்ந்து கையசைத்தாள். வலப்பக்கம் தள்ளி, பள்ளத்தில், கூலிவேலை செய்யும் மக்களின் தெரு. அங்கே குடிசைகளின் உச்சி மட்டும் தெரிந்தது. ஒரு வேப்பமரத்தில் பத்துப் பதினைந்து பேர் தொற்றிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகளைச் சேலையால் கிளையோடு கட்டியிருந்தார்கள்.

"அந்தா எம் பொண்டாட்டி" என்றார் கருப்பையா.

ராயப்பன் மூங்கிலை ஊன்றிப் படகை நிறுத்தினான். "அண்ணே, அந்த மரத்தடியில ஆழம் அதிகம். இழுப்பும் அங்கனதான். மரம் தாங்குமான்னு தெரியல. வழி உங்க கையில இருக்கு. எந்தப் பக்கம்?"

கருப்பையா மனைவி இருந்த பக்கம் பார்த்தார். அவள் இன்னும் கையசைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் மரத்தைக் காட்டி, "இப்பிடிக்கூடிப் போ. வரப்பு தட்டும், பாத்துக்க" என்றார்.

மரத்திலிருந்து குழந்தைகளையும் பெண்களையும் முதலில் எடுத்தோம். கட்டின சேலை முடிச்சு நனைந்து இறுகி அவிழவில்லை. அந்தோணியம்மாள் பல்லால் கடித்து அவிழ்த்தாள். சாலைக்குப் போய் இறக்கிவிட்டு மறுபடி வந்தோம். ஆண்களை ஏற்றினோம். சாலைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும்போது மேட்டுத் தெருப் பக்கம் சத்தம் கேட்டது. ஒரு மூட்டையை உயரத்திலிருந்து போட்டதுபோல் அடங்கிய சத்தம். திரும்பிப் பார்த்தோம். கருப்பையாவின் வீட்டுக் கூரை தண்ணீரில் உட்கார்ந்திருந்தது. படப்பு நின்றது. அதன் மேல் அவள் இருந்தாள்.

கருப்பையா முன்பக்கம் திரும்பிக்கொண்டார். "வலது பக்கம் ஒதுங்கு, கெணறு" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் தடவை படப்புக்குப் போனோம். அவர் மனைவி பெயர் முத்துராக்கு. மெலிந்த உடம்பு, கணீரென்ற குரல். ஏற மறுத்துவிட்டாள்.

"மாட்ட விட்டுட்டு நான் எங்கிட்டும் வரமாட்டேன்."

படப்புக்குப் பின்னால் இரண்டு காளைகள் கழுத்துவரைத் தண்ணீரில், முகத்தை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு நின்றன. அவள் இரவெல்லாம் மேலிருந்து வைக்கோலை உருவி அவற்றின் வாயில் கொடுத்திருக்கிறாள்.

"மாட்ட வத்தையில ஏத்த முடியாது தாயி" என்றான் ராயப்பன்.

"ஏத்த வேணாம். கூட்டிட்டுப் போங்க."

அவள் சொன்னதில் வழி இருந்தது. கருப்பையா தண்ணீரில் குதித்து, முங்கிக் கட்டுத்தறியிலிருந்து கயிறுகளை அறுத்து, வத்தையின் பின்கட்டையில் கட்டினார். முத்துராக்கு பின்பக்கம் உட்கார்ந்து மாடுகளோடு பேசிக்கொண்டே வந்தாள். படகு முன்னே போக, இரண்டு காளைகளும் மூக்கை வானத்துக்கு நீட்டிக்கொண்டு நீந்தி வந்தன. நான் எத்தனையோ பாரத்தை இழுத்திருக்கிறேன். இப்படி ஒரு பாரம் மூச்சு விட்டுக்கொண்டு பின்னால் வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

பாதி வழியில் ஒரு காளைக்கு மிரட்சி வந்துவிட்டது. சுற்றி வந்து, முன்னங்கால்கள் இரண்டையும் வத்தையின் பக்கப் பலகை மேல் தூக்கிப் போட்டது. படகு சாய்ந்தது. மரம் விரியும் சத்தம் கேட்டது. முத்துராக்கு அதன் கொம்பைப் பிடித்துக்கொண்டு திட்டினாள், கெஞ்சினாள். கருப்பையா காலைப் பிடித்துத் தள்ளினார். காளை நழுவி இறங்கியது. பலகை ஒரு முழ நீளத்துக்குப் பிளந்து, தண்ணீர் மடை திறந்ததுபோல் உள்ளே வந்தது. அந்தோணியம்மாள் கோணிச் சாக்கைச் சுருட்டி அந்தப் பிளவில் திணித்து, அதன் மேல் முதுகைக் கொடுத்து, காலை எதிர்ப்பக்கம் உதைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "எறைங்கண்ணே! பாத்துக்கிட்டு இருக்காதீக!" என்றாள். கரை சேரும்வரை அவள் அசையவில்லை. அவள் கண்ணில் நீர் வழிந்ததை நான் பார்த்தேன். அது வலியா, அவளுடைய அய்யாவின் படகு உடைந்த துக்கமா என்று கேட்கவில்லை.

மேட்டுத் தெருக் கூரைகளில் இருந்தவர்கள் பாக்கி. சாக்கை இன்னும் இறுக்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் அவர்களையும் கொண்டுவந்து சேர்த்தோம். ஆள் சேதம் இல்லை. மேற்கே இருந்த கண்மாய் கடைசிவரை உடையவும் இல்லை.

அன்று சாலை மேட்டில் குதிரைவாலிக் கஞ்சி காய்ச்சினார்கள். பள்ளத்துத் தெரு மக்கள் வழக்கம்போல் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்கள். ஒரே படகில் இடித்துக்கொண்டு வந்தவர்கள்தான். தரையில் கால் பட்டதும் தூரம் திரும்ப வந்துவிட்டது. அந்தோணியம்மாள் தன் கஞ்சியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய், பல்லால் முடிச்சு அவிழ்த்தாளே, அந்தக் குழந்தையை மடியில் வைத்துக் குடித்தாள். எங்கள் ஊரும் இதில் ஒன்றும் மேலில்லை.

நான் கருப்பையாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "உங்க வீட்டுக்கு முதல்ல போயிருந்தா, ஏதோ சாமானாவது எடுத்திருக்கலாமுங்களே" என்றேன்.

"எடுத்துருக்கலாம்." கஞ்சியை ஊதிக் குடித்தார். "அந்தத் தெரு சனத்தோடதான்ணே நான் நாத்து நடுறேன், கதிரு அறுக்குறேன். அந்த மரம் சாஞ்சுருந்தா, அப்பறம் எந்த மொகத்த வச்சுக்கிட்டு அந்த வயல்ல எறங்குவேன்?"

மறுநாள் ஊருக்குள் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கி, மேடான சாலை வெளியே தெரிந்தது. ராயப்பன் பிளந்த பலகையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கோணியை வைத்துக்கொண்டு கடலுக்குப் போக முடியாது. அந்த அகலத்துக்குப் பலகை வாங்க அவனுக்கு இந்தப் பருவத்தில் வழியில்லை. அப்போது கருப்பையாவும் முத்துராக்கும் தண்ணீருக்குள்ளிருந்து நடந்து வந்தார்கள். தலைமேல் இருவரும் சேர்த்து ஒரு கதவைத் தாங்கியிருந்தார்கள். பழைய, கனமான ஒற்றைக் கதவு.

"பூவரசு. எங்க பாட்டன் காலத்துது. தண்ணிக்குத் தாங்கும்" என்று கருப்பையா அதை டிரெய்லரில் வைத்தார்.

ராயப்பன் பதறிப்போனான். "வேணாம்ணே. நாளைக்கு வீடு கட்டுனா கதவு வேணும்ல?"

"வீட்டக் கட்டிட்டுக் கதவுக்குப் பாப்போம்" என்றாள் முத்துராக்கு. "எம் மாடு ஒடச்சது. நாங்கதான் குடுக்கணும்."

ஊர்க்காரர்கள் எல்லோரும் சேர்ந்து, நேற்று நாங்கள் இறக்கிய வத்தையைக் கையாலேயே தூக்கி டிரெய்லரில் வைத்தார்கள். அந்த ஒரு வேலையில் இரண்டு தெருவும் கலந்துதான் நின்றன.

ராஜசிங்கமங்கலத்துக் கண்மாயை அன்று பார்த்தேன். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று சொல்வார்கள். ஒரு கரையில் நின்றால் மறு கரை தெரியவில்லை. நாரை ஒரே மூச்சில் தாண்டாது என்பது நிஜமாக இருக்கலாம். ராயப்பன் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதையும் கடல்னு சொல்லிட்டுப் போகலாம் போல இருக்கு. ஆனா உப்பு இல்லாம எப்பிடி?" என்றான். ராமநாதபுரத்தில் இட்டிலியும் கருப்பட்டிக் காப்பியும். உச்சிப்புளி தாண்டியதும் சாலையின் இரு பக்கமும் வெள்ளை மணல். காற்றில் உப்பு தெரிந்தது. ராயப்பனின் முகம் அவிழ்ந்தது.

மண்டபத்தோடு சாலை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் ரயில் பாலம்தான், அல்லது கடல். தெற்குக் கரையில் வத்தையை இறக்கி, ஆசாரி ஒருவரைப் பிடித்தோம். அவர் பிளந்த பலகையைக் கழற்றி, கதவை அறுத்து, வளைவுக்குத் தக்கபடி செதுக்கிப் பொருத்தினார். மூட்டில் பஞ்சு அடைத்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசினார். வெளிப்பக்கம் கதவின் முகம் வந்தது. அதில் வருஷக்கணக்காக வைத்த மஞ்சளும் குங்குமமும் மரத்தோடு ஊறிப்போயிருந்தன.

"இழைச்சு எடுத்துரவா?" என்று ஆசாரி கேட்டார்.

ராயப்பன் தயங்கினான். "மாதா கோயில் சாமியாரு மந்திரிக்க வருவாரே..."

"வந்து, பலகையில ஓட்டை இருக்கான்னு பாக்கட்டும். குங்குமத்தையா பாக்கப் போறாரு?" என்றாள் அந்தோணியம்மாள். ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டார்.

இரண்டு நாள் ஊறப்போட்ட பிறகு மூட்டுகள் மூடின. தென்கடல் ராயப்பன் சொன்னதுபோலவே கிடந்தது, துடைத்த கண்ணாடிபோல். அந்தோணியம்மாளை ரயிலில் வரச் சொன்னான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் கையைப் பிடித்து, "அடுத்த தடவை மதினியையும் கூட்டிட்டு வாங்கண்ணே, நண்டு உடைக்கச் சொல்லித் தாரேன்" என்றாள். சேலையைச் சொருகிக்கொண்டு ஏறினாள். பாய் காற்றைப் பிடித்தது. நான் காலி டிரெய்லரின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்சம் ஆழம் வந்ததும் அவள் குனிந்து, அந்தப் பலகையை உள்பக்கமாக மேலிருந்து கீழ்வரை கையால் தடவிப் பார்ப்பது தெரிந்தது. ராயப்பன் பின்னாலிருந்து கேட்டான். கடல் அமைதியாக இருந்ததால் அவர்கள் குரல் கரைவரை வந்தது.

"தண்ணி வருதா?"

"வரல. கதவு நல்லாச் சாத்தியிருக்கு."